அப்பாவின் முதல் பாதி

கோபம் வந்தால் அப்பா கத்துவார். கத்தி முடித்ததும் மறந்துவிடுவார். பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. அதனால்தான் இந்த ஒரு வாரமாக வீட்டில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. அவர் அண்ணனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

காரணம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. போன மாதம் அப்பாவின் தலைக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வாய் ஒரு பக்கம் இழுத்து, நாக்கு குழறி, பார்க்கிறவர்களைப் பதற வைத்துவிட்டு, பிறகு மெல்லத் தேறினார். கை கால் சரி, கண் சரி என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சும் சரி என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் எழுதிக் கொடுத்தால் வேலைக்குப் போகலாம் என்பது ஏற்பாடு.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, எதிரே நின்று அண்ணன் வாயைத் திறந்தான். "போதும்ப்பா. காரை வித்துட்டு நிம்மதியா உக்காருங்க."

அது வெறும் கார் இல்லை. பக்கத்து இருக்கையிலும் பிரேக்கும் கிளட்சும் வைத்த கார். மாடி வீட்டின் கீழே, ஒற்றை அறையில் அப்பா நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் ஒரே கார். ஊரில் பாதிப் பேர் அதில்தான் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டார்கள்.

"என்னைக் கை கழுவிக் காயப் போடப் பாக்குறியா?" என்று அப்பா கேட்டார்.

வேறு நாளாக இருந்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினான். மறுநாளிலிருந்து வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

இன்று அந்தப் பரிசோதனை.

"என்னங்க, ஒரு கன்னத்தை நாளைக்குன்னு மிச்சம் வெச்சிருக்கீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா குளியலறைக் கண்ணாடியிலிருந்து திரும்பினார். வலது கன்னம் வழுவழுவென்றிருந்தது. இடது கன்னத்தில் வெள்ளை முள் அப்படியே நின்றது.

"அவசரம்டி. நேரமாச்சு."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கொடுங்க இங்க." அம்மா ரேசரை வாங்கி, அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, மிச்சத்தை முடித்தாள். அப்பா சின்னப் பிள்ளைபோல நின்றார்.

வாசலில் நின்று மகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதனை என்றதும் அவருக்குக் கை நடுங்குகிறது போலும் என்று நினைத்தாள். பாவமாக இருந்தது.

மகளை வீட்டில் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த பெயர். அவள் வேலை பார்ப்பது ஒரு நாளிதழில். நிருபர்கள் எழுதி அனுப்பும் செய்திகளை வெட்டி, ஒட்டி, திருத்துகிற மேஜையில். 'ஊழல் வெள்ளம் மக்களின் முதுகில் குத்தியது' என்று ஒருவர் எழுதினால், வெள்ளம் அடிக்கும், இழுக்கும், குத்தாது என்று சொல்லிச் சரிசெய்வது அவள் தொழில். அந்தத் தொழிலுக்கு அவள் பயிற்சி எடுத்தது இந்த வீட்டில்தான்.

ஏனென்றால் அப்பா ஒரு வழக்குச் சொல்லையும் ஒழுங்காக முடித்ததில்லை. இரண்டு வேலையைச் சேர்த்து முடித்துவிட்டு வந்தால், "ஒரே கல்லுல ரெண்டு நார் உரிச்சுட்டேன்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வம்புக்கு அலைந்தால், "எல்லாத்துலயும் மூக்கை நுழைச்சு வேர்த்துப்போற ஆளு" என்பார். இவள் கல்லூரியிலிருந்து தாமதமாக வந்த ஒரு மாலை, வாசலில் நின்று, "நெருப்புல எண்ணெயை ஊத்திக்கிட்டு எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டார். அவள் பயந்துபோய் வந்தவள், சிரித்துத் தொலைத்தாள். அவரும் சிரித்துவிட்டார்.

அந்தத் தப்பிலும் ஒரு ஒழுங்கு உண்டு. தொடக்கம் எப்போதும் சுத்தமாக இருக்கும். பாதி வழியில், இண்டிகேட்டர்கூடப் போடாமல், வேறு தெருவுக்குள் திரும்பிவிடுவார்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நேரா போங்க. திரும்பாதீங்க," என்றாள் கத்திரி, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி. "அவங்க வியாதின்னு எழுதிடுவாங்க."

"நான் என்ன வேணும்னேவா திரும்புறேன்? அது தானா போகுது."

"தானா போனா பிரேக் போடுங்க."

"பிரேக் போடுறதுக்கு ஒருத்தன் இருக்கானே இந்த வீட்டுல," என்றார் அப்பா.

அண்ணனுக்கு அவர் வைத்த பெயர் 'ஹேண்ட்பிரேக்'. பஸ் டிப்போவில் மேற்பார்வையாளன். சைக்கிள் பழகின காலத்திலேயே தெருமுனை வரும் முன்பே இறங்கித் தள்ளிக்கொண்டு போனவன். அப்பா அவன் பேச்சை எடுத்துவிட்டாரே என்று அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆனால் அப்பா மேலே ஒன்றும் சொல்லாமல் செருப்பைத் தேடினார்.

---

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணுக்குக் கத்திரியின் வயதுதான் இருக்கும். காதோரம் ஒரு பேனா, மேஜைமேல் ஆறிப்போன காபி. அறை சின்னது. ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம். அப்பா உட்காருவதற்கு முன்பே ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் போவதைப் பார்த்து, "ரிவர்ஸ்ல இவ்வளவு ஆக்சிலேட்டர் எதுக்கு?" என்று முணுமுணுத்தார்.

"உக்காருங்க சார். சும்மா பேசிக்கிட்டிருப்போம். வீட்டுல பொழுது எப்படிப் போகுது?"

அப்பா கத்திரியை ஒரு முறை பார்த்தார். நேராகப் போகவேண்டும் என்பது அவர் நினைவில் இருந்தது. "நல்லா போகுதும்மா" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. "எங்க போகுது? தலைக்கு மேல வெள்ளம் போய்க் காத்து வாங்குது."

அந்தப் பெண்ணின் பேனா நின்றது.

"மேடம், அது எப்பவும் அப்படித்தான்," என்றாள் கத்திரி அவசரமாக.

"நீங்க கொஞ்சம் இருங்க. சார், நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"வேலை குவிஞ்சு கிடக்கு, நான் சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்ல வந்தேன். புரியலையா?"

"புரிஞ்சுது," என்றாள் அவள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நல்லாவே புரிஞ்சுது. வகுப்புலயும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பீங்களா?"

"ஒரு பல் டாக்டரம்மா வர்றாங்க. ரெண்டு தடவை டெஸ்ட்ல தோத்தவங்க. பல்லைப் பிடுங்குறப்போ கை நடுங்காது, கியரைத் தொட்டா நடுங்குது. அவங்ககிட்ட சொன்னேன், 'கண்ல எண்ணெயை ஊத்திக்கிட்டு கம்பி நீட்டாதீங்க'ன்னு. அதுக்கப்புறம் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கல. நான் இல்லாம வேற யார்கிட்டயும் போக மாட்டேன்னு ஒரு மாசமா காத்துக்கிட்டிருக்காங்க."

"சரி. இப்ப அவங்க ஓட்டுறாங்க. நீங்க பக்கத்துல. எதிர்ல ஒரு பஸ் நேரா வருது. என்ன சொல்வீங்க?"

"பிரேக்."

"அவ்வளவுதானா?"

"பிரேக்குக்கு எதுக்கும்மா அலங்காரம்? வண்டி நின்னப்புறம்தான் மத்ததெல்லாம்."

அந்தப் பெண் ஏதோ எழுதினாள். கத்திரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு அரை மணி நேரம் அப்பா படங்களுக்குப் பெயர் சொன்னார், கேட்ட கதையைத் திருப்பிச் சொன்னார், தெருக்களுக்கு வழி சொன்னார். நாக்கு எங்கும் இடறவில்லை.

கடைசியாக மேஜையில் சில அட்டைகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி.

"இதைச் சத்தமா படிங்க சார்."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். முதல் அட்டையில், 'கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள்' என்று இருந்தது.

"விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள்," என்று படித்தார் அப்பா.

கத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, அட்டையில் எழுதி வைத்திருப்பதைக்கூட விடமாட்டாரா இந்த மனிதர்?

அடுத்தது, 'தலையில் இடி விழுந்தது போல இருந்தது.'

"கூரையில் இடி விழுந்தது போல இருந்தது."

'முதுகில் குத்திவிட்டான்' என்றிருந்ததை, "முகத்தில் குத்திவிட்டான்" என்றார். எந்தத் தயக்கமும் இல்லை. செய்தி வாசிப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, ஒரே சீராக.

கத்திரி சிரித்துவிட்டாள். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. அட்டைகளைச் சேர்த்து அடுக்கி, மேஜையில் தட்டிச் சமப்படுத்தினாள்.

"சார், வெளியில ஒரு நிமிஷம் உக்காந்திருங்க."

அப்பா எழுந்து போனதும் அவள் கதவைப் பார்த்தபடி சொன்னாள். "பேச்சு நல்லா இருக்கு. ஆனா இந்தக் கடைசி ஒண்ணு... எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அடுத்த வாரம் இன்னொரு தடவை கூட்டிக்கிட்டு வாங்களேன். வேற சில டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

அடுத்த வாரம். இன்னொரு வாரம் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு வாரம் அண்ணன் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். 'நான் சொன்னேன்ல' என்று அவன் சொல்லமாட்டான். ஆனால் அந்த முகம் சொல்லும். கத்திரிக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லவா? இது வியாதி இல்ல. இதுதான் அவர். நான் பிறந்ததுலேருந்து இதைத்தான் கேக்குறேன்." கல்லில் நார் உரித்த கதையைச் சொன்னாள். நெருப்பில் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்த கதையைச் சொன்னாள். அந்தப் பெண்ணும் இப்போது சிரித்தாள். "நான் பத்திரிகையில வேலை பாக்குறேன். வாக்கியத்தைப் பாக்குறதுதான் என் பொழைப்பு. என் காதை நம்புங்க."

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்புறேன். உங்களுக்கு அவரைத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாதே."

---

திரும்பி வரும்போது கத்திரிதான் ஓட்டினாள். கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த அதே கார். அப்பா பக்கத்து இருக்கையில், தன் பழைய சிம்மாசனத்தில், கால் இரண்டையும் பெடல்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சான்றிதழ் அவள் கைப்பையில் இருந்தது.

அவள் லைசென்ஸ் வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அப்பா பக்கத்தில் இருந்தால் அவள் கார் ஓட்டுவதாகச் சொல்ல முடியாது. அவள் கண் பார்க்கும் முன் அவர் கால் பார்த்துவிடும். நாய் குறுக்கே வந்தால், பந்து உருண்டு வந்தால், நின்ற காரின் கதவு திறந்தால், அவள் பெடலைத் தேடும்போது வண்டி ஏற்கெனவே நின்றிருக்கும். "அப்பா, நான் பாத்துட்டேன்," என்பாள் எரிச்சலோடு. "நீ பாத்தே, நான் மிதிச்சேன்," என்பார் அவர்.

மார்க்கெட் திருப்பத்தில், இடது பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் சரேலென்று வெளியே வந்தது. அப்பாவின் ஜன்னலை உரசுகிற தூரம். கத்திரி பிரேக்கை அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. சைக்கிள்காரர் கையை ஓங்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அப்பாவின் கால் அசையவே இல்லை.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

"சைக்கிள்ப்பா."

"ஓ," என்றார் அப்பா. பல் டாக்டரம்மாவுக்கு மறுநாள் காலையிலிருந்தே வகுப்பு வைத்துவிடலாம் என்று தொடர்ந்து பேசினார்.

கத்திரி வண்டியை மறுபடி கிளப்பினாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அப்பா அவளை நம்பி விட்டுவிட்டார். இவள் பார்த்துக்கொள்வாள் என்று காலை எடுத்துக்கொண்டார். வீடு வரும்வரை அந்தச் சந்தோஷத்தை வாய்க்குள் போட்டு மிட்டாய்போலச் சப்பிக்கொண்டே வந்தாள்.

---

சாப்பாட்டு மேஜையில் அவரவர் இடம் என்றைக்கோ முடிவானது. அப்பா மேஜையின் தலைப்பக்கம். வலது கைப் பக்கம் அம்மா. இடது கைப் பக்கம் அண்ணன். கத்திரி எதிரே.

அண்ணன் டிப்போ சீருடையோடு வந்திருந்தான். கையைத் துடைத்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மெதுவாகக் கேட்டான். "என்னப்பா சொன்னாங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க," என்றார் அவளிடம்.

அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். ஒரு வாரமாக இதுதான். இவன் கேட்பான், பதில் அம்மாவுக்குப் போகும். முதல் இரண்டு நாள் அவனுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபமும் போய், வெறும் வலி மட்டும் மிச்சமிருந்தது. நேற்று வாசலில் அவன் கத்திரியிடம், "என்னை மனுஷனாவே மதிக்கலல்ல?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

அவனைக் கொஞ்சமாவது சிரிக்க வைக்கவேண்டும் என்று கத்திரிக்குத் தோன்றியது.

"அண்ணா, இன்னிக்கு நடந்த கூத்தைக் கேளு. அட்டையில எழுதிக் கொடுத்தாங்க. அதையே மாத்திப் படிச்சுட்டார். 'கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள்'னு இருக்கு. இவர் என்ன படிச்சார் தெரியுமா? 'விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தாள்'."

அவள் மட்டும் சிரித்தாள்.

அம்மா கரண்டியோடு நின்றபடி யோசித்தாள். "விளக்குலதானே எண்ணெய் ஊத்துவாங்க. கண்ணுலயா ஊத்துவாங்க?"

"இல்லம்மா... சரி, அடுத்தது கேளு. 'கூரையில் இடி விழுந்தது'ன்னார்."

"கூரையிலதான் விழும்," என்றான் அண்ணன் தலை நிமிராமல்.

"நான் என்ன இருந்துதோ அதைத்தான் படிச்சேன்," என்றார் அப்பா. "இவளுக்கு எதைக் கண்டாலும் வெட்டணும்."

கத்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்பாவின் பேச்சைத் திருப்பிச் சொல்லி இதுவரை யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. ஆபீஸில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், எங்கே சொன்னாலும் பிய்த்துக்கொண்டு போகும். அம்மா இத்தனை வருஷமாகக் கேட்டும் அலுக்காமல் சிரிப்பாள். இன்று ஏன் சப்பென்று போனது?

தொழில் புத்தி வாக்கியத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்தது. விளக்கில் எண்ணெய். கூரையில் இடி. அம்மா சொல்வது சரி, இதில் கோணல் எதுவும் இல்லை. எல்லாம் உலகத்தில் நடக்கிற காரியம். அப்பா எப்போது உலகத்தில் நடக்கிற காரியத்தைச் சொன்னார்? அவர் சரியாகத்தானே தொடங்குவார், பிறகுதானே திரும்புவார். இன்று முடிவுகள் எல்லாம் அச்சில் இருந்தபடியே இருந்தன. தொடக்கம்தான் வேறு. ஒவ்வொரு வரியிலும் முதல் வார்த்தையை அவர் மாற்றவில்லை. அவருக்கு முதல் வார்த்தை கிடைக்கவே இல்லை. இருந்ததை வைத்துக்கொண்டு, இல்லாததைத் தானே இட்டு நிரப்பியிருக்கிறார்.

வரியின் இடது ஓரம்.

கத்திரி நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். தட்டின் வலது பாதி துடைத்த மாதிரி இருந்தது. இடது பாதியில் வைத்தது வைத்தபடி. நடுவில் கோடு போட்டதுபோல.

"பாரு, இன்னிக்கும் பாதி," என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து இதே கதை. பசியே இல்லை மனுஷனுக்கு."

சந்திலிருந்து வந்த சைக்கிள் கத்திரியின் கண்முன் மறுபடி வந்தது. வீடு வரை சப்பிக்கொண்டு வந்த மிட்டாய் நாக்கில் கசந்தது.

அவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். அப்பாவின் தட்டைப் பிடித்து அரை வட்டம் திருப்பி வைத்தாள்.

அப்பா குனிந்து பார்த்தார்.

"அட, எப்ப வெச்சீங்க? சொல்லக் கூடாதா?" கையை மறுபடி தட்டில் வைத்து, நல்ல பசியோடு சாப்பிட ஆரம்பித்தார். "தீர்ந்துபோச்சுன்னுல்ல நினைச்சேன்."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் தட்டையும் அப்பாவையும் கத்திரியையும் மாறி மாறிப் பார்த்தான். டிப்போவில் விபத்து அறிக்கைகளைப் படிக்கிறவன். 'பக்கவாட்டில் வந்ததைக் கவனிக்கவில்லை' என்ற வரியை எத்தனையோ முறை பார்த்தவன். அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அண்ணா," என்றாள் கத்திரி. "எழுந்து இந்தப் பக்கம் வா."

"எதுக்கு?"

"வாயேன்."

அவன் எழுந்தான். அப்பாவின் முதுகுப் பக்கமாக நடந்து, அம்மா நின்ற இடத்துக்கு, அப்பாவின் வலது கைப் பக்கம் வந்து நின்றான்.

அப்பா நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"வாடா ஹேண்ட்பிரேக். இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஒரு வாரமா ஆளையே காணோமே. அன்னிக்கு ஏதோ கத்திட்டேன்னு வராமலே இருந்துடுவியா? இல்ல, டிப்போவுல உன்னைக் கை கழுவிக் காயப் போட்டுட்டாங்களா?"

அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"இங்கதான்ப்பா இருந்தேன். தினமும் வந்தேன்."

"எங்க வந்தே? குரல் மட்டும் எங்கயோ கேட்டுக்கிட்டே இருந்துது. நீ அம்மாகிட்ட போன்ல பேசுறேன்னு நினைச்சுக்கிட்டேன்." அப்பா இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். "உக்காரு. சாப்பிடு. அவளை வெக்கச் சொல்லு."

அண்ணன் உட்கார்ந்தான். அப்பா அவன் முழங்கையில் கையை வைத்தார். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வாரத்துக் கனம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறு ஒன்று ஏறிக்கொண்டது.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பறைப் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள், வகுப்புக்கு நேரம் கொடுப்பது அவள் வேலை. கேட்டாள். போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"பல் டாக்டரம்மா. காலையில வரலாமான்னு கேக்குறாங்க."

"வரச் சொல்லு, வரச் சொல்லு," என்றார் அப்பா. "மார்க்கெட் வழியா கூட்டிக்கிட்டுப் போறேன். கூட்டத்துல ஓட்டினாத்தான் பயம் போகும்." கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஆயிலைப் பாத்து வெச்சுடறேன். சாவி எங்க?"

சட்டைப் பையைத் தட்டினார். வலது பக்கம் மேஜையைத் துழாவினார். அம்மாவின் டம்ளரை நகர்த்திப் பார்த்தார்.

"இங்கதானே கிடந்துது. கத்திரி, எடுத்தியா?"

சாவி அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. விரலை நீட்டினால் தொட்டுவிடலாம். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

கத்திரி அம்மாவிடமிருந்து போனை வாங்கினாள்.

"டாக்டரம்மா, நாளைக்கு வகுப்பு இல்ல. ... இல்ல, நல்லா இருக்கார். நானே அப்புறம் பேசுறேன்."

போனை வைத்தாள். கைப்பையில் சான்றிதழ் இருந்தது. அவள் வாதாடி வாங்கியது. நாளை காலை ஆஸ்பத்திரிக் கதவு திறந்ததும், அந்தச் சின்ன அறையில் போய் நின்று, என் காது தப்பு என்று சொல்லவேண்டும். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. பெரிய காரியம் இந்த மேஜையிலேயே இருந்தது.

"என்னது, இல்லைன்னுட்டே?" அப்பா முதலில் கத்திரியை, பிறகு அண்ணனைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. ஓரம் மட்டும் கலையத் தொடங்கியது. "என்ன ரெண்டு பேரும் கூடிக் கூடிப் பேசி வாலைச் சுருட்டுறீங்க?"

இந்த முறையும் யாரும் சிரிக்கவில்லை. தொடக்கம் சரியாக இருந்தது. முடிவுதான் திரும்பியிருந்தது. அதுதான் அப்பா. அவர் முழுசாக இங்கேதான் இருந்தார். அவருடைய உலகத்தில்தான் ஒரு பாதியைக் காணோம்.

கத்திரி ஒரு நாற்காலியை இழுத்து, அவருடைய வலது பக்கம், அண்ணனை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தன்னைப் பார்க்கிறார் என்று உறுதி செய்துகொண்டாள்.

"அப்பா, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

அவர் உட்கார்ந்தார். காத்திருந்தார்.

நாள் முழுக்க ஊரார் வாக்கியங்களை நிமிர்த்துகிறவள் அவள். இந்த வாக்கியம் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'இனிமே ஓட்ட வேண்டாம்ப்பா' என்றுதான் முடியும். முதல் பாதிதான் அகப்படவில்லை.